சாய்கோடு

ஆணுக்குச் சதுரம். பெண்ணுக்கு வட்டம்.
இறந்தவர் என்றால் குறுக்கே ஒரு சாய்கோடு.
எதனால் என்று அந்தக் கோடு சொல்லாது.

முத்தையன்கட்டு இடதுகரை, காலை ஒன்பதரை.
ஐஸ் பெட்டியை மாட்டுக்கொட்டில் நிழலில் வைத்துவிட்டு
யோகரட்ணம் அண்ணையின் குடும்பத்தைக் கீறத் தொடங்கினேன்.
பென்சிலால்தான்.
பேனாவால் கீறி இரண்டு கொப்பி வீணாக்கியவள் நான்.
இங்கே ஆட்கள் நடுவிலே நினைவுக்கு வருவார்கள்.

தாய்வழி. பெரியம்மா, நாற்பத்தொன்று.
மூலம் என்று கருணைக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்களாம்.
மாமா, முப்பத்தெட்டு.
"செய்வினை பிள்ளை. வயித்தால ரத்தமாப் போனது."
வட்டத்தைக் கறுப்பாக்கினேன், சதுரத்தையும்.
பெருங்குடல் என்று ஓரத்தில் எழுதும்போது
அண்ணை தன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.
அவருக்குக் கிளிநொச்சியில் திகதி குறித்தாயிற்று,
வருகிற புதன்.

"அம்மா?"
"ஷெல்."
"எத்தினை வயசு?"
"முப்பத்தாறு."
சின்னம்மா, ஷெல், இருபத்தொன்பது.
அவவின்ர மூன்று பிள்ளைகள், ஒரே பங்கர், ஒரே நாள்.
சாய்கோடு, சாய்கோடு, சாய்கோடு, சாய்கோடு.
கறுப்பா வெள்ளையா என்று கேட்கிறது படிவம்.
இந்த நோய் அவசரப்படாதது,
நாற்பது மட்டும் பொறுத்திருந்து வரும்.
வன்னியில் அதற்கு முறையே கிடைக்கவில்லை.

தகப்பன் வழியில் வேறு கதை.
தம்பி சற்குணம், பத்தொன்பது. அப்பெண்டிக்ஸ்.
மயக்க மருந்து ஏறினதும் தாடை பூட்டிக்கொண்டது.
உடம்பு விறகாய் இறுகி, தொட்டவர் கை சுட,
மேசையிலேயே முடிந்துவிட்டான்.
அப்பு அந்த டொக்டரின் சைக்கிளை மறித்து
மண் அள்ளித் தூற்றினாராம்.
தன் இரத்தத்தில் இருந்துதான் அது போனது என்று
அப்பு அறியமாட்டார்.
அறியாமலே செத்தார்.

போன தடவை எடுத்த இரத்தத்தின் முடிவு என் பையில்.
தசைக்குள்ளே கல்சியத்தைத் திறந்துவிடும் ஒரு கதவு,
அதில் ஓர் எழுத்துப் பிழை.
சில மயக்க வாயுக்கள் பட்டால்
திறந்தது மூடாது.
"சற்குணத்துக்கு இருந்தது உங்களுக்கும் இருக்கு, அண்ணை.
புதன்கிழமை வேற மருந்துதான் தரவேணும்."

அவர் செயற்கைக்காலின் பட்டியைக் கழற்றினார்.
திரும்பவும் பூட்டினார்.
இரண்டாயிரத்தொன்பது மாசியில்
பள்ளிக்கூட வாங்கில் கிடத்தி
நாலு பேர் அமத்திப் பிடிக்க அறுத்த கால்.
மயக்க மருந்து இல்லை.
வரவில்லை என்றில்லை, வரவிடவில்லை.
அன்று கடித்த சாரத்தின் ருசி
இன்னும் வாயில் இருக்கிறது என்பார்.

"அப்ப, அண்டைக்குத் தந்திருந்தா?"
"தந்தது எது எண்டதைப் பொறுத்து..."
"எட பிள்ளை, நேரச் சொல்லு."
"செத்திருக்கலாம் அண்ணை."

மாடு ஒன்று பெட்டியை முகர்ந்து பார்த்தது.
"அப்ப நான் ஆரைப் பேசுறது?"
என்றார், சிரிப்புமில்லாமல், கோபமுமில்லாமல்.
கொழும்பில் எனக்குப் பத்து நாள் பயிற்சி.
கலியாணம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது,
பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது,
எல்லாம் படித்தேன்.
இதற்குப் பதில் இல்லை.

ஆரணிதான் சொன்னாள், வைக்கோலை உதறிக்கொண்டே:
"மறிச்சவை உங்களைக் காப்பாத்தவோ மறிச்சவை?
மறிச்சது மறிச்சதுதான் அப்பா.
நீங்கள் பேசுங்கோ."
பிறகு கையைக் கழுவி, சட்டைக் கையைச் சுருட்டி
என் முன்னால் நீட்டினாள்.
"எனக்கு ரெண்டுக்கும் பாருங்கோ."
ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி.
நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.

சிவப்பு அட்டையை அண்ணை சட்டைப்பையில் வைத்தார்,
மூன்று மொழியில்: இவருக்கு இந்த வாயு ஆகாது.
ஐஸ் உருகுமுன் கிளிநொச்சி போகவேணும்.
ஹெல்மெட் போட்டுவிட்டேன், மோட்டார்சைக்கிளும் உதைத்துவிட்டேன்.
அப்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.
"மூத்தவளைப் போடேல்லை.
சுடர்நிலா. ஏழு."

பெற்றோல் டாங்கின் மேல் கொப்பியை விரித்தேன்.
ஆரணிக்குப் பக்கத்தில், கொஞ்சம் நெருக்கி,
ஒரு வட்டம்.
கோட்டைப் போட
எஞ்சினை நிறுத்தினேன்.